பிடித்த பாடம் ஒரு ஊரில், நண்பர்கள் வேறு ஊரில்: எந்தக் கல்லூரியை முதலில் போடுவது?

பொறியியல் கலந்தாய்வில், சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஏரோநாட்டிகல், அதாவது விமானப் பொறியியல், கிடைக்கும் அளவுக்குக் கட்-ஆஃப் இருக்கிறது, ஆனால் பள்ளித் தோழர்கள் மூன்று பேரும் கோவையில் ஒரே கல்லூரியில் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) சேரப் போகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாய்ஸ் பட்டியலில் ஏரோவை முதலில் போடுங்கள்.

உங்கள் நண்பர்கள் கோவைக்குப் போவது இன்னும் முடிவாகவே இல்லை. கலந்தாய்வில் இடம் தருவது ரேங்க். நால்வரும் ஒரே வரிசையில் சாய்ஸ் போட்டாலும் ஒருவர் முதல் சுற்றிலும் இன்னொருவர் இரண்டாம் சுற்றிலும் வரலாம். 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் அரை மதிப்பெண் குறைந்தாலே முன்னால் எத்தனையோ பேர் வந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அங்கே இடம் விழுந்து, யாரை நம்பிப் போனீர்களோ அவருக்கு வேறு கல்லூரி விழுந்தால்?

சரி, நால்வருக்கும் சேர்ந்தே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே பாடம், ஓடிவிடும். அப்புறம் சிக்னல்ஸ், எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் எல்லாம் வரும். விருப்பப்பட்டு எடுத்தவர்களுக்கே அவை மூச்சு வாங்க வைக்கும்.

நான் கோவில்பட்டிக்காரன். சிவில் படிக்க ஆசைப்பட்டுக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன். கூட்டாளிகள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சென்னைக்குப் போய்விட்டார்கள். முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது, அதிலும் ஞாயிற்றுக்கிழமை விடுதியில் பொழுதே போகாது. அதை மாற்றியது நிலத்தை அளக்கக் கற்றுத்தரும் சர்வே வகுப்பு. மேடு பள்ளம் அளக்கும் கருவியான டம்பி லெவலின் கால் திருகுகளைத் திருப்பித் திருப்பிக் குமிழை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவன் தூரத்தில் ஸ்டாஃபை, அதாவது அளவுக்கோலை, பிடிப்பான், ஒருவன் அளவைப் படிப்பான், ஒருவன் ஃபீல்டு புக்கில் எழுதுவான். கடைசியில் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும், மொத்தக் குழுவும் மறுபடி வெயிலில் நிற்போம். அந்தக் குழுவில் இருந்தவர்கள்தான் இன்றுவரை என் நெருங்கிய நண்பர்கள். பழைய கூட்டாளிகளும் எங்கும் போய்விடவில்லை. தீபாவளிக்கு அவர்கள் சென்னை ரயிலில், நான் நாகர்கோவில் ரயிலில், காலையில் எல்லாரும் கோவில்பட்டியில்.

ஆனால் ஒன்று, ஏரோ மீது உங்களுக்கு இருப்பது எந்த வகை ஆசை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1949-இல் எம்.ஐ.டி. தொடங்கியபோதே அங்கே இருந்த பாடம் அது, அப்துல் கலாம் படித்த பாடம். அந்தப் பெருமை மட்டும் நான்கு வருடம் தாங்காது. அண்ணா பல்கலைக்கழக இணையதளத்தில் பாடத்திட்டம் இருக்கிறது. ஏரோடைனமிக்ஸ், புரொபல்ஷன், விமானக் கட்டமைப்பு எல்லாம் பெரும்பாலும் கணக்குதான். அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது படிக்கத் தோன்றுகிறதா? தோன்றினால் யோசிக்கவே வேண்டாம். ஈ.சி.இ.யும் அதே அளவுக்குப் பிடிக்கிறது என்றால் மட்டும் கோவையைத் தாராளமாக மேலே வையுங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பது பெரிய பலம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சாய்ஸ் போடும்போது நான்கு பேரும் பிரவுசிங் சென்டரில் கூட்டமாக உட்கார்ந்து போடாதீர்கள். வீட்டில் அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் போட்டு, அது லாக் ஆன பிறகு நண்பர்களிடம் சொல்லுங்கள்.