பிரஷர் 168/72: கீழ் அளவு சரியாக இருப்பதால் மாத்திரையைக் குறைக்கலாமா?

அம்மாப்பேட்டையில் இருக்கும் உங்கள் 66 வயது அப்பாவுக்கு மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நீங்களாகக் குறைக்காதீர்கள். இரண்டு அளவுக்கும் இடைவெளி 96. அது 60-ஐத் தாண்டினாலே பெருந்தமனி விறைத்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். நல்ல தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து ரத்தத்தைத் தாங்கி, பிறகு சுருங்கி மெதுவாகத் தள்ளும். வயதாலும் பல வருட பிரஷராலும் தமனிச் சுவரில் நெகிழ்வு தரும் எலாஸ்டின் நார் சிதைந்து, விறைப்பான கொலாஜன் நார் கூடினால் அந்த நெகிழ்வு போய்விடும். மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். அந்த 72-க்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

ஒரு வாரம் வீட்டில் பிரஷர் பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்தபின், கையில் சுற்றும் பட்டை நெஞ்சு உயரத்தில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. பேசக்கூடாது. கடைசியில் எழுந்து நின்று 1, 3 நிமிடங்களில் பாருங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நிற்கும்போது மேல் அளவு 20 இறங்கினால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே கீழ் அளவு 60-க்குக் கீழே போனால், மருந்தின் அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

உப்பு நாளுக்கு மொத்தம் 5 கிராம். ஊறுகாய், அப்பளம், தட்டுவடை செட்டில் இருப்பதும் அதில் சேர்த்திதான். டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.