கை பட்டுக் கலையும் ஃபோகஸ்

கமரா: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். கெனன் 80டி, 18-135 லென்ஸ். லென்ஸ் துவாரத்தின் அளவை (அப்பச்சர்) நான் வைக்க, மீதியைக் கமரா பார்த்துக்கொள்ளும் ஏவி மோடில்தான் எடுப்பேன். போன மாதம் ஒரு தாலிகட்டில் பதினொரு படம் எடுத்தேன். மாப்பிள்ளையின் கையும் தாலியும் மங்கல். பின்னால் நின்ற தோழியின் தோடு மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. வீட்டில் வந்து பார்த்தால் ஃபோகஸ் புள்ளி வலது மூலையில் கிடக்கிறது. நான் அதை அங்கே வைக்கவேயில்லை. சில படங்கள் வெளிறியும் போயிருக்கின்றன. பழுது பார்க்கக் கொடுப்பதா, கமராவை மாற்றுவதா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். உங்கள் கமரா நல்ல சுகமாக இருக்கிறது. புள்ளி கிடந்த இடத்தில் தோடு இருந்தது, தோட்டை அது சரியாகப் பிடித்திருக்கிறது. புள்ளியை அங்கே தள்ளிவிட்டது உங்கள் வலது பெருவிரல்.

80டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பெரிய வட்ட டயல் ஒன்று. அதன் நடுவிலேயே எட்டுத் திசைக்கும் அழுத்தக்கூடிய மல்ட்டி கன்ரோலர். கமராவைப் பிடிக்கும் பெருவிரல் சற்றுக் கீழே இறங்கினால் இரண்டிலும் படும். ஏவி மோடில் அந்த டயலைத் திருப்பினால் எக்ஸ்போஷர் கொம்பென்சேஷன், அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு, மாறும். வழக்கமான அமைப்பில் மூன்று க்ளிக் என்றால் ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்பே தெரியாமல் போக அது போதும். படங்கள் வெளிறியதற்கும் புள்ளி நகர்ந்ததற்கும் காரணம் ஒரே விரல்தான்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கடையில் வாங்கியபோது இருந்த அமைப்பில், ஃபோகஸ் புள்ளிக்கான பொத்தானை முதலில் அழுத்தினால்தான் மல்ட்டி கன்ரோலர் புள்ளியை நகர்த்தும். தொட்டவுடனே நகர்கிறது என்றால், யாரோ சொல்லியோ வீடியோ பார்த்தோ பொத்தான்களின் வேலையை மாற்றும் கஸ்டம் கன்ரோல் மெனுவில் ‘ஏஎஃப் பொயின்ட் டிரெக்ட் செலெக்ஷன்’ போட்டிருப்பீர்கள். பறவை எடுப்பவர்களுக்கு அது பெரிய வசதி. மணவறைக்கு முன்னால் சனத்தோடு முண்டியடித்து நிற்கும் நமக்கு அது ஆபத்து. எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பூட்டு. பின் டயலுக்குக் கீழே லொக் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு எல்லாம் பூட்டியாயிற்று என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மெனுவில் எதையும் மாற்றாவிட்டால் அந்தச் சுவிட்ச் பூட்டுவது பின் டயலை மட்டும்தான். மெனுவில் ‘மல்ட்டி ஃபங்ஷன் லொக்’ என்பதைத் தேடி, மல்ட்டி கன்ரோலருக்கும் சரி அடையாளம் போடுங்கள். ஆட்காட்டி விரலுக்கு உரிய முன் டயலைப் பூட்டாதீர்கள். அப்பச்சர் மாற்ற அது வேண்டும், தெரியாமல் அதில் கை படுவதும் குறைவு. பூட்டியதை நீங்கள் திருப்பப் போனால் வியூஃபைண்டரில் ‘எல்’ என்று காட்டும். தாலிகட்டு முடியும்வரை பூட்டி வையுங்கள். பிறகு பிள்ளைகள் ஓடித் திரியும் நேரம் திறந்துவிடுங்கள்.

மோட் டயலைப் பற்றிக் கவலை இல்லை. நடுப் பொத்தானை அழுத்தாமல் 80டியில் அது சுற்றாது. அதில் சி1, சி2 என்று இரண்டு இடம் இருக்கிறதே, அவற்றைப் பயன்படுத்துகிறீர்களா? மண்டபத்துக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் அமைத்து சி1இல் பதிந்து வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் ‘ஓட்டோ அப்டேட்’ நிறுத்தப்பட்டே இருக்கட்டும். என்ன கலைந்தாலும் டயலை வேறு இடத்துக்குத் திருப்பி மறுபடி சி1க்குக் கொண்டுவந்தால் நீங்கள் பதிந்தது அப்படியே திரும்பிவரும்.

இனி லென்ஸ். நானும் இதில் அடிபட்டவன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் இரண்டு கமராக்களைத் தோளில் மாட்டிக்கொண்டு எடுத்தேன். இடுப்பில் தொங்கிய கமரா மற்றதோடு உரசி, லென்ஸின் சுவிட்ச் ஏஎஃப்பிலிருந்து (தானாக ஃபோகஸ்) எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் போய்விட்டது. பொம்பிளையின் அம்மம்மா எழும்பி வந்து அறுகரிசி போட்டார். நான்கு படம் எடுத்தேன், நான்கும் மங்கல். அவர் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அல்பம் கொடுக்கப் போன அன்று அந்த வீட்டில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். பொம்பிளையின் தாய் ஒன்றும் பேசாமல் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றிலிருந்து என் லென்ஸ் சுவிட்ச்சுகளின் மேல் சிறு துண்டு டேப் இருக்கும். மின்சார வேலைக்குரிய கறுப்பு டேப் வேண்டாம், கொழும்பு வெக்கைக்கு அதன் பசை இளகிக் கையெல்லாம் பிசுபிசுக்கும். பார்மசியில் விற்கிற காகித டேப் நல்லது, நகத்தால் கிள்ளினால் வந்துவிடும். 70-200 போன்ற லென்ஸ் இரவல் வாங்கினால் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்சையும் பாருங்கள். கெனனின் 70-200 எஃப்2.8 இரண்டாம் பதிப்பில் அது 2.5 மீற்றரில் நின்றால், அதைவிடக் கிட்ட இருக்கும் எதையும் லென்ஸ் பிடிக்காது. நம்முடைய சிறிய மண்டபங்களில் மணவறைக்கும் நமக்கும் சில வேளை அவ்வளவு இடைவெளிகூடக் கிடைப்பதில்லை.

பின் பொத்தானால் ஃபோகஸ் செய்யும் முறையையும் பழகிப் பாருங்கள். 1989இல் வந்த ஈஓஎஸ் 630 ஃபிலிம் கமராவிலேயே கெனன் அதைக் கொடுத்துவிட்டது. ஷட்டரை அரைவாசி அழுத்தினால் ஒளியளவு மட்டும், முதுகிலுள்ள ஏஎஃப்-ஓன் பொத்தானை அழுத்தினால்தான் ஃபோகஸ் என்று பிரித்துவிடலாம். ஒருமுறை பிடித்த ஃபோகஸ் ஷட்டரைத் தொடும்போது ஓடாது. ஆனால் உதவிக்கு வரும் பையனிடம் கமராவைக் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவன் எடுப்பதெல்லாம் மங்கலாகத்தான் வரும்.

இவ்வளவும் செய்தாலும் நான் ஒன்றை விடுவதில்லை. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபைக்குள் சுற்றி வருமே, அந்தச் சில நிமிடம் எனக்குச் சோதனை நேரம். இடது பெருவிரலால் லென்ஸ் சுவிட்ச்சைத் தடவிப் பார்ப்பேன். கண்ணை வியூஃபைண்டரில் வைத்துப் புள்ளி எங்கே, கொம்பென்சேஷன் கோடு நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பேன். கும்பத்துத் தேங்காயின் நாரில் ஃபோகஸ் பிடித்து ஒரு படம். அதைப் பெரிதாக்கினால் நார் நாராகத் தெரிய வேண்டும். தட்டு திரும்பி ஐயரிடம் வந்து சேருவதற்குள் இதெல்லாம் முடிந்துவிடும்.

கேள்வி: கெனன் ஆர்6 வைத்திருக்கிறேன். ஆடிவேல் ரதம் காலி வீதியால் வரும்போது எடுக்க நினைத்திருக்கிறேன். கண்ணை வியூஃபைண்டரில் வைத்தால் ஃபோகஸ் கட்டம் தானாக இடம் மாறுகிறது. எனக்கு இடது கண்ணால் பார்த்துப் பழக்கம்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் மூக்கு திரையில் படுகிறது, தங்கச்சி. திரையைத் தொட்டு ஃபோகஸ் கட்டத்தை நகர்த்தும் ‘டச் அண்ட் டிராக் ஏஎஃப்’ இயங்கிக்கொண்டிருக்கிறது. திரையில் எது பட்டாலும் கமராவுக்கு அது விரல்தான். இடது கண்காரருக்கு மூக்கு திரைக்கு நேரே வரும். அந்த வசதி தேவையில்லை என்றால் மெனுவில் நிறுத்திவிடுங்கள். வேண்டுமென்றால் தொடுகைக்கு உரிய பகுதியை மூக்குப் படாத பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கலாம். சனத்துக்குள் நிற்கப் போகிறீர்கள் என்றால் திரையை உட்பக்கமாக மடித்து மூடிவிடுவது இன்னும் நல்லது, கீறலும் விழாது.

வியூஃபைண்டருக்குப் பக்கத்தில், அவரவர் பார்வைக்கு ஏற்ப அதைத் தெளிவாக்க உள்ள சிறு டயொப்டர் சக்கரத்தையும் பாருங்கள். பையில் உரசி அது அடிக்கடி சுற்றிவிடும். படம் சரியாக விழுந்தும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். சந்தேகம் வந்தால் காட்சியை விட்டுவிட்டு உள்ளே தெரியும் எழுத்துகளைப் பாருங்கள். எழுத்தும் மங்கல் என்றால் காரணம் அந்தச் சக்கரம்தான்.

கேள்வி: ஃபுஜி எக்ஸ்-டி20இல் அம்புக்குறிப் பொத்தான்களும் கியூ பொத்தானும் திடீரென்று வேலை செய்யவில்லை. படம் மட்டும் எடுக்கிறது.
— வாசகர், தெஹிவளை

பதில்: பழுது இல்லை, பூட்டுத்தான் தானாக விழுந்திருக்கிறது. பைக்குள் மெனு/ஓகே பொத்தான் நெடுநேரம் அழுந்தியிருக்கும். அதையே மறுபடி சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், திறந்துவிடும். கமராவை நிறுத்தாமல் பையில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்படியே முன்பக்கம் எஸ், சி, எம் என்று இருக்கும் சுவிட்ச்சையும் ஒரு தரம் பாருங்கள். பையில் அழுந்திய கமராவில் அது எம்மில், அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் இடத்தில், போய் நிற்பதைப் பல முறை கண்டிருக்கிறேன்.