மோட்சார்ட் எட்டு வயதில் சிம்பொனி எழுதியது நிஜமா? கேட்கும்படி இருக்குமா?

நிஜம்தான். 1764-ல் குடும்பத்தோடு லண்டனில் இருந்தபோது எழுதியது, ஈ ஃபிளாட் மேஜர் சுருதியில் அமைந்தது, மோட்சார்ட் படைப்புகளின் பட்டியலில் அதன் எண் கே.16. அப்பா லியோபோல்டுக்கு உடம்பு முடியாமல் போய், பியானோ பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அந்த நாட்களில் பொழுது போகாமல் பையன் சிம்பொனி எழுத உட்கார்ந்தான், ஹார்னுக்கு (ஊதுவாத்தியம்) உருப்படியாக ஏதாவது கொடுக்க மறந்துவிடாமல் நினைவுபடுத்து என்று என்னிடம் சொன்னான் என்று அக்கா நானர்ல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

முழுக்கச் சொந்தச் சரக்கா என்றால், இல்லை. அப்போது லண்டனில் கொடிகட்டிப் பறந்த இசையமைப்பாளர் யோஹான் கிறிஸ்டியன் பாக்கின் பாணி அப்படியே தெரியும், கையெழுத்துப் பிரதியில் அப்பாவின் திருத்தங்களும் உண்டு.

ஆனால் ஆரம்பத்தைக் கவனியுங்கள். எல்லா வாத்தியமும் சேர்ந்து சத்தமாக மூன்று பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு), உடனே சட்டென்று அடங்கி எட்டு பார் மெல்லிசாக நீளும் சுரங்கள், அப்புறம் மறுபடி அதே சத்தம். எட்டு வயசுக்கு இது விவரமான வேலை.

எனக்குப் பிடித்தது நடுப்பகுதி, சி மைனர் சுருதியில் வரும் ஆண்டாண்டே, அதாவது நிதானமான நடை. வயலின்கள் மூன்று மூன்றாகத் துடித்துக்கொண்டிருக்க, ஹார்ன் நீளமாக நாலு சுரம் வாசிக்கும்: நம் கணக்கில் ச-ரி-ம-க. 1788-ல் எழுதிய கடைசி சிம்பொனி 'ஜூபிட்டர்' முடிவுப் பகுதி தொடங்குவதும் இதே நாலு சுரத்தில்தான்! திட்டமிட்டதெல்லாம் இல்லை, அந்தக் காலத்தில் பலரும் கையாண்ட சுரவரிசை அது.

மூன்றாவது பகுதி வேகமாக ஓடி முடிந்துவிடும், பெரிதாக ஒன்றுமில்லை. மொத்தமே பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், தாராளமாகக் கேட்கலாம்.