நெறி கட்டும் இடத்தில் நடப்பது

அன்புள்ள ஐயா,

வைரஸ் புகுந்த செல்லை அழிப்பது கொல்லி டி செல், எதிர்ப்புரதத்தைச் சுரப்பது பி செல் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். இவ்விரண்டையும் செய்யாத உதவி டி செல் குறைந்தால் உடலே நிலைகுலைந்துபோவது ஏன்? எச்ஐவி தொற்றுள்ள என் தம்பிக்கு சிடி4 எண்ணிக்கை, அதாவது உதவி டி செல்களின் எண்ணிக்கை, 180 என்று சொல்லியிருக்கிறார்கள்; அதனால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

‘உதவி’ என்ற பெயர் அந்தச் செல்லின் பொறுப்பை மிகவும் குறைத்துக் காட்டுகிறது என்பது என் எண்ணம். தொண்டைவலியோடு காய்ச்சல் வரும்போது தாடைக்குக் கீழே நெறி கட்டுகிறதல்லவா, விரலுக்கு உருண்டையாகத் தட்டுப்படும் அந்த நிணநீர்க்கணுவுக்குள்தான் பெரும்பாலானவை தீர்மானமாகின்றன. தொண்டையில் காவல் இருக்கும் கிளைச்செல், பிடித்த வைரஸின் புரதத்தைத் துண்டுகளாக்கித் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு அங்கே வந்து சேர்கிறது. அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பியுள்ள உதவி டி செல்கள் மிகச் சிலவே. அவை அதை அடையாளம் கண்டுகொண்டதும் சில நாட்களில் பல மடங்காகப் பெருகுகின்றன. அதே வைரஸை பி செல் தானே பிடித்திருந்தாலும், உதவி டி செல் நெருங்கி வந்து அதன் சிடி40 ஏற்பியைத் தொட்டு ஆமோதிக்கும் வரை, வலுவான எதிர்ப்புரதத்தைச் சுரக்கவோ அதே கிருமி மீண்டும் வந்தால் அடையாளம் காணும் நினைவுச் செல்லாக நிலைக்கவோ பெரும்பாலும் அதனால் இயலாது. இந்தத் தொடுகைக்கான புரதம் பிறவியிலேயே பழுதான குழந்தைகளின் இரத்தத்தில் ஐஜிஎம் என்ற முதற்கட்ட எதிர்ப்புரதம் போதிய அளவு இருந்தும், அடுத்த கட்ட எதிர்ப்புரதமான ஐஜிஜி மிகக் குறைவாகவே இருப்பதால், தொற்றுகள் மாறி மாறி வருகின்றன. கொல்லி டி செல்களும் இந்தத் துணையின்றி நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. இத்தனை கட்டுப்பாடு தேவைதான், ஏனெனில் தவறாக ஏவப்பட்டால் இந்தச் செல்கள் சொந்த உடலையே தாக்கும்.

எச்ஐவி உள்ளே நுழையப் பற்றிக்கொள்வது உதவி டி செல்லின் மேலிருக்கும் சிடி4 புரதத்தைத்தான். 1981 ஜூனில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களை அண்டாத நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்ததாக வெளியான அறிக்கையே எச்ஐவியால் வரும் எய்ட்ஸ் நோயை மருத்துவ உலகுக்கு முதலில் காட்டியது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருக்க வேண்டிய உதவி டி செல்கள் 200க்குக் கீழே இறங்கும்போது அத்தகைய கிருமிகள் தலைதூக்குகின்றன.

உங்கள் தம்பியின் எண்ணிக்கை கவலைக்குரியதுதான், ஆனால் மாறக்கூடியது. கூட்டு மருந்தை ஒருநாளும் விடாமல் எடுத்துக்கொண்டால் வைரஸ் அடங்கி, பெரும்பாலோருக்கு எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறுகிறது. அதுவரை நிமோனியாவைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் மாத்திரை தருவது வழக்கம். தம்பிக்கு அது தரப்படுகிறதா, காசநோய்ப் பரிசோதனை முடிந்ததா என்று, எச்ஐவிக்கான கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.