சிறுநீரக மாற்றுக்குப் பிறகு யூரின் டியூப்பை எடுக்கும்போது வலிக்குமா?

அண்ணனுக்குச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறார்கள், இந்த வாரம் டியூப்பை எடுக்கப்போகிறார்கள், அவர் பயந்துபோயிருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வேலூரில் பொருத்திக்கொண்டவன்தான், கொடுத்தது அம்மா.

எடுப்பது ஒரு நிமிட வேலை. டியூப் நழுவாமல் இருக்க, சிறுநீர்ப்பைக்குள் அதன் நுனியில் தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் இருக்கும். அந்தத் தண்ணீரை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு உருவிவிடுவார்கள். "மூச்சை இழுத்து மெல்ல விடுங்கள் அண்ணா" என்றார் சிஸ்டர். விட்டு முடிப்பதற்குள் டியூப் அவர் கையில் இருந்தது. கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். சி.எம்.சி. மருத்துவமனையில் 1971லேயே சிறுநீரக மாற்று நடந்த ஊர் இது. தெருவுக்கு ஓர் அனுபவசாலி உண்டு. அவர்கள் கதைகளை அண்ணன் காதில் போடாதீர்கள்.

அவர் தயாராக வேண்டியது அதற்கடுத்த ஓரிரு நாட்களுக்கு. டயாலிசிஸ் காலத்தில் வேலையில்லாமல் கிடந்த சிறுநீர்ப்பை சுருங்கியிருக்கும். புதுச் சிறுநீரகமோ ஓயாமல் சுரக்கும். அரை மணிக்கொரு முறை எழுந்து ஓட வேண்டிவரும். பாத்ரூமுக்குப் போவதற்குள் லுங்கி நனைந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவானாலும் அடக்கக் கூடாது. புதுச் சிறுநீரகத்தின் குழாயைச் சிறுநீர்ப்பையில் தைத்திருக்கிறார்கள். பை உப்பினால் தையலுக்கு ஆகாது. முதல் சில முறை எரியும், நிறம் லேசாகச் சிவந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் அளந்து எழுதச் சொல்வார்கள். பக்கத்துக் கட்டில் ஜார்கண்டுக்காரர் "கித்னா?" (எவ்வளவு?) என்று என் குவளையை எட்டிப் பார்ப்பார், கடைசியில் அது எங்களுக்குள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஆகிவிட்டது.

தண்ணீர் குடிக்க மனதைப் பழக்குவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. டயாலிசிஸ் காலத்தில் டம்ளரை அளந்து தாகத்தை அடக்கிய ஆளிடம் திடீரென்று "குடி, குடி" என்றால்? டாக்டர் சொன்ன அளவைக் குடித்தே ஆக வேண்டும். எரிச்சலுக்கு இளநீர், நெருஞ்சி முள் கஷாயம் என்று உறவினர்கள் அன்போடு கொண்டுவருவார்கள். வாங்கி ஓரமாக வையுங்கள். புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது, இளநீரில் பொட்டாசியம் அதிகம். கஷாயம் மாத்திரையோடு என்ன செய்யும் என்று கொண்டுவருபவருக்கும் தெரியாது. வலி மாத்திரையும் கேட்காமல் வேண்டாம்.

நான்கைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, முட்டிக்கொண்டு வலிக்கிறது, கட்டி கட்டியாக ரத்தம், காய்ச்சல், சிறுநீரகம் வைத்த பக்கம் வீக்கம், தையலில் நீர்க்கசிவு: இதில் ஒன்று இருந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். சிலருக்கு டியூப்பை மறுபடி சில நாள் வைப்பார்கள். அதனால் சிறுநீரகமே போய்விட்டது என்று அர்த்தமில்லை.

புதுச் சிறுநீரகத்தின் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்திருந்தால் அது தனி. சில வாரங்கள் கழித்து, பெரும்பாலும் மரத்துப்போகும் ஜெல் தடவி, கேமரா விட்டு எடுப்பார்கள். அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். வீட்டுக்குப் போன சந்தோஷத்தில் அதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.