இணைய வகுப்பில் ஆசிரியரின் இடம்

கேள்வி: பாடங்கள் காணொளியாகவே கிடைக்கும்போது, இணையவழிக் கல்வியில் ஆசிரியருக்கு என்ன வேலை?

பதில்: காணொளியை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வதை (இன்று பலர் அதைத்தான் செய்கிறார்கள்) கற்பித்தல் என்று நான் ஏற்கமாட்டேன். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்டி கேரிசன், டெரி ஆண்டர்சன், வால்டர் ஆர்ச்சர் ஆகியோர், கணினி வழியே எழுத்தில் மட்டும் நடந்த கலந்துரையாடல்களை ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், சிந்தனை, சமூக உறவு, கற்பித்தல் ஆகிய மூன்றின் இருப்பும் சேர்ந்தால்தான் ஆழமான கற்றல் நிகழும் என்று வாதிட்டனர். பாடத்தை வடிவமைப்பது, உரையாடலை நெறிப்படுத்துவது, தவறான புரிதலை நேரடியாகத் திருத்துவது ஆகியவை ஆசிரியரின் பொறுப்புகள். இவற்றுள் இரண்டாவதுதான் கடினமானது. ஏனெனில், மாணவர்களின் விவாதங்கள் பெரும்பாலும் கருத்துகளை அடுக்கும் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன என்றும், அவற்றை இணைத்து ஒரு தீர்வை எட்டுவது அரிதாகவே நிகழ்கிறது என்றும் பின்வந்த ஆய்வுகள் பல கண்டன.