“நம்ம ஆளுங்களுக்கு வராது” என்று விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு 54 வயது. பல வருடமாக நெஞ்செரிச்சல், கேஸ் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூச்சுப் பரிசோதனையில் இரைப்பையில் எச். பைலோரி கிருமி இருப்பது தெரிந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவருடைய அண்ணனோ, “இந்தியர்களில் பாதிப் பேருக்கு அது இருக்கு, வயிற்றுப் புற்றுநோய் சீனர்களுக்குத்தான் வரும், நம்ம ஆளுங்களுக்கு வராது” என்கிறார். இவரும் மாத்திரையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார். ஒரு கிருமியால் புற்றுநோய் வருமா?
வாசகி, ஈசூன்

பதில்: வரும் அம்மா. முதலில் மாத்திரையைப் பிரிக்கச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் சேர்ந்து படிக்கலாம்.

அண்ணன் சொல்வது முழுப் பொய் இல்லை. சிங்கப்பூரில் இந்தியர்களிடம் இந்தக் கிருமி பரவலாக இருந்தும், வயிற்றுப் புற்றுநோய் சீனர்களிடம்தான் அதிகம். ஆய்வாளர்கள் இதை ‘இந்தியப் புதிர்’ என்றே சொல்வார்கள். கிருமியின் வகை, சாப்பாடு, மரபணு என்று பல காரணம் சொல்லப்படுகிறது. ஆனால் குறைவாக வருகிறது என்பதை வரவே வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது, அங்கிருந்து வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை!

கிருமி உள்ள 100 பேரில் 1 முதல் 3 பேருக்குத்தான் புற்றுநோய் வரும் என்பது பொதுவான கணக்கு, அதனால் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இரைப்பை அமிலத்தில் கிருமியே வாழ முடியாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1982ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் இதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? இரைப்பையில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா தயாரிக்கிறது, அந்த அம்மோனியா சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துவிடுகிறது. உங்கள் கணவரைக் குடிக்கச் சொல்லிவிட்டு ஊதச் சொன்னார்களே, அதுவும் யூரியாதான். கிருமி இருந்தால் அதை உடைக்கும், உடைந்து வரும் கரியமில வாயு மூச்சில் தெரிந்துவிடும். அதே அம்மோனியா இரைப்பைச் சுவரையும் அரிக்கிறது. இந்தக் கிருமியில் சில வகைகள் ‘காக்-ஏ’ என்ற புரதத்தை ஊசி போடுவதுபோல் சுவரின் செல்லுக்குள் செலுத்தி, எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற அதன் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடும். இப்படி இருபது முப்பது வருடம் ஆறாத புண்ணாகவே இருந்தால் அமிலச் சுரப்பிகள் வாடிப்போகும், அந்த இடத்தில் குடலைப் போன்ற திசு வளரும், அதிலிருந்து ஒரு சிலருக்குப் புற்றுநோய். இவ்வளவும் பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கும் என்பதுதான் எனக்குக் கவலை.

தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுக்கப் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள், வயிற்றுப் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைந்தது. மருந்து பெரும்பாலும் 14 நாள்தான். வாய் கசக்கும், மாத்திரைகளில் பிஸ்மத் என்ற மருந்து இருந்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாமல் முடிக்கச் சொல்லுங்கள். முடித்து நான்கு வாரமாவது கழித்து மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் கிருமி போய் ஐந்து வருடம் ஆகிறது. இப்போது எண்டோஸ்கோபியில் இரைப்பைத் திசு குடல்போல் மாறியிருக்கிறது, வருடக்கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள். கிருமிதான் போய்விட்டதே, எதற்கு? கீரையில் நைட்ரேட் இருக்கிறது என்று படித்துவிட்டு அதையும் நிறுத்திவிட்டேன்.
வாசகர், பிடோக்

பதில்: ஐயா, கீரையை இன்றைக்கே சமைக்கச் சொல்லுங்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

பைலோரி போனாலும் அது கெடுத்துவைத்த இடம் அப்படியே இருக்கும். சுரப்பிகள் வாடி அமிலம் குறைந்துபோனால், இத்தனை நாள் அமிலத்துக்குப் பயந்து வராமல் இருந்த வாய்க் கிருமிகளும் குடல் கிருமிகளும் வந்து குடியேறுகின்றன. அவற்றில் சில, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அது புரதச் சிதைவுகளோடு சேர்ந்து நைட்ரோசமைன் போன்ற பொருள்கள் ஆகிறது, அவை மரபணுவையே சேதப்படுத்தக்கூடியவை. மேலே ஏறி வரும் பித்தநீரும், அதைக் கிருமிகள் மாற்றிக் கொடுக்கும் அமிலங்களும் சுவரை இன்னும் அரிக்கும். 2024ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் வாயில் சாதாரணமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் என்ற கிருமியை எலிகளுக்குக் கொடுத்தபோது, பைலோரி செய்வதைப் போன்றே அழற்சியும் திசு மாற்றமும் வந்தன. எலியில் பார்த்தது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனாலும் ஒரு கிருமி போனதோடு கதை முடிவதில்லை என்று இதனால்தான் சொல்கிறேன்.

கண்காணிப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிங்கப்பூரில் சுமார் 3,000 சீனர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், திசு மாற்றம் பரவலாக இருந்தவர்களுக்கே ஆபத்து பல மடங்கு. உங்களுக்கு எவ்வளவு பரவியிருக்கிறது என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

கீரை, காய்கறி, பழத்தில் உள்ள வைட்டமின் சி நைட்ரோசமைன் உருவாவதைத் தடுக்கும். குறைக்க வேண்டியது லஞ்சன் மீட், சாசேஜ், உப்பில் ஊறிய மீன், கருவாடு. சிகரெட் இருந்தால் அதை முற்றிலும் விட்டுவிடுங்கள். எடை குறைந்தாலோ, மருந்து எதுவும் இல்லாமல் மலம் கறுத்தாலோ அடுத்த எண்டோஸ்கோபி தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மருந்துக்குப் பதிலாகத் தினமும் தயிர் சாப்பிட்டால் பைலோரி போகுமா?
வாசகி, சுவா சூ காங்

பதில்: போகாது. மருந்து சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கு கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். உங்கள் மாத்திரைகளில் டெட்ராசைக்ளின் இருந்தால் பாலும் தயிரும் அதை உடம்பில் சேரவிடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள்.